ஓடியவரும் நின்றவளும்

பேத்தியை வைஜெயந்தி கையில் வாங்கவில்லை என்பதுதான் முதலில் தெருவில் பேச்சாகக் கிளம்பியது.

மகள் சங்கவி பிரசவத்துக்காக அந்தமானின் பாராடாங் தீவிலிருந்து பாம்பூஃப்ளாட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் அருண்பிரசாத்துக்கு அங்கே வனத்துறையில் வேலை. வலி எடுத்த பிறகு படகு ஏறி, காட்டுச் சாலையில் போலீஸ் காவலோடு போகும் கான்வாய் வண்டிகளோடு வரிசையில் நின்று, போர்ட் பிளேர் போய்ச் சேர்வதற்குள் எதுவும் ஆகலாம் என்று முன்கூட்டியே கொண்டுவந்து விட்டுவிட்டான். பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் துணியில் சுற்றி எடுத்துவந்து, "நானி கோன் ஹை? லீஜியே" என்று பாட்டி யாரெனக் கேட்டு நீட்டியபோது, வைஜெயந்தி இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நர்ஸின் முகம் சுருங்கிவிட்டது. கதவோரம் நின்ற அவள் புருஷன் ஜம்புலிங்கம்தான் முன்னால் வந்து பேத்தியை வாங்கிக்கொண்டார்.

"பொண்ணாப் போச்சேன்னு வருத்தமாம்" என்றார்கள் தண்ணீர்க் குழாயடியில். அப்படி இல்லை என்று சொல்ல வைஜெயந்தி வாயைத் திறக்கவில்லை.

கையில் வாங்கவில்லையே தவிர, மற்றதெல்லாம் குறைவில்லாமல் செய்தாள். பாம்பூஃப்ளாட் படகுத்துறைக்கு வெளியே அவளுக்கு ஒரு இட்லிக் கடை. எதிர்க்கரையிலுள்ள சாத்தம் போகிற முதல் ஃபெரிக்கு வரும் ஆபீஸ்காரர்களும் மர அறுவை மில் ஆட்களும் அங்கேதான் பசியாறுவார்கள். கடையைச் சாத்திவிட்டு வந்ததும் மகளுக்குப் பூண்டுக் குழம்பு வைப்பாள். பால்சுறா கிடைத்த நாளில் வேகவைத்து, தோலை உரித்து, முள் நீக்கி உதிர்த்து, வெங்காயமும் பூண்டும் கொட்டி வதக்கிப் புட்டு செய்வாள். குழந்தையின் துணிகளை மழைக்கு நனையாமல் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுவாள். குழந்தை அழுதால் மட்டும் கூடத்தின் மறு மூலைக்குப் போய்விடுவாள்.

"அம்மா, கொஞ்சம் பிடியேன். நான் முகம் கழுவிட்டு வந்துடறேன்."

"அடுப்புல பால் இருக்கு."

"பாலை நான் பாத்துக்கறேன். நீ பாப்பாவைப் பிடி."

"ஈரக் கையா இருக்குட்டி. உங்க அப்பா வரட்டும்."

ஜம்புலிங்கம் வந்தால் குழந்தை அவர் தோளுக்குப் போய்விடும். அவர் வாகன ஃபெரியில் கலாசி. பாம்பூஃப்ளாட்டுக்கும் சாத்தத்துக்கும் இடையே நாள் முழுக்கப் போய் வருகிற படகில் கயிறு வீசுவது, கட்டுவது, லாரிகளை இடைவெளி விடாமல் நிறுத்துவது அவர் வேலை. கடலைப் பார்த்தாலே நடுங்க வேண்டிய மனிதர், கடல்மேல் இருக்கும்போதுதான் நிம்மதியாக இருந்தார். "நடுக்கடல்ல இருக்குறவனை சுனாமி ஒண்ணும் செய்யாது. அது பாட்டுக்கு அடியில போயிரும். தரையில நிக்கவனைத்தான் வந்து அடிக்கும்" என்பார். லீவு நாளில்கூட ஃபெரியிலேயே போய் உட்கார்ந்திருப்பார்.

தரையில் அவருக்கு நிம்மதி கிடையாது. அந்தமானில் நிலம் அடிக்கடி லேசாக ஆடும். அலமாரியில் பாத்திரம் கிலுகிலுக்கும், தொங்குகிற பல்பு ஊசலாடும். பழகியவர்கள், "ஆடுது" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். ஜம்புலிங்கம் மட்டும் எழுந்து ஓடிவிடுவார். சாப்பாட்டில் கை இருந்தாலும், பாதி சவரத்தில் முகம் இருந்தாலும் சரிதான். வீட்டுக்குப் பின்னால் மேடேறிப் போகும் பாதையில் பாக்குத் தோப்பைத் தாண்டி உச்சிக்குப் போன பிறகுதான் தான் ஓடிவந்ததே அவருக்குத் தெரியும். பாதையோரத்துப் பிள்ளைகள், "பாகோ, பாகோ, ஜம்பு அங்கிள்" என்று இந்தியில் ஓடச் சொல்லிச் சிரிப்பார்கள். வைஜெயந்தி அதற்கு நேர்மாறு. நிலம் ஆடினால் எங்கே இருக்கிறாளோ அங்கேயே நின்றுவிடுவாள். கண் திறந்திருக்கும். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். ஆட்டம் நின்று வெகுநேரம் கழித்தே உடம்பில் அசைவு வரும். அதற்குள் தோசை கரிந்து வீடெல்லாம் புகை அடைந்திருக்கும்.

இருவரும் பெரிய நிக்கோபார் தீவின் கேம்பல் பேயிலிருந்து வந்தவர்கள். ஜம்புலிங்கத்தின் அப்பா பட்டாளத்தில் இருந்தவர். பட்டாளத்துக்காரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றியபோது திருநெல்வேலிப் பக்கமிருந்து கப்பலேறியவர். தென்னையும் பாக்கும் வைத்து, கடலோரத்தில் வீடு கட்டினார். அந்த வீட்டுக்குத்தான் வைஜெயந்தி அத்தை மகனைக் கட்டிக்கொண்டு வந்தாள். சங்கவி பிறந்தாள். பிறகு ஹரிஹரன். இரண்டாயிரத்து நாலு டிசம்பரில், ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, நிலம் நிற்க முடியாதபடி ஆடியது. அதன் பின் கடல் வந்தது. ஜம்புலிங்கம் பக்கத்தில் படுத்திருந்த சங்கவியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவிட்டார். இடுப்பில் ஹரிஹரனோடு வைஜெயந்தி அடுக்களையிலேயே நின்றாள். தண்ணீர் வடிந்த பிறகு தாழைப் புதரில் சிக்கிக் கிடந்தவளை எடுத்தார்கள். அவள் கை இரண்டும் மார்போடு சேர்த்து மடங்கியிருந்தன. கைக்குள் பிள்ளை இல்லை.

தகரக் கொட்டகை முகாமில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு பாம்பூஃப்ளாட் வந்தார்கள். அந்தக் காலையைப் பற்றி அந்த வீட்டில் பேசியதே கிடையாது. முன்பெல்லாம் அவரை "அத்தான்" என்று வாய் நிறையக் கூப்பிட்டவள், அதன் பிறகு எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. "சோறு இருக்கு." "கரண்ட் போச்சு." "சங்கவிக்கு ஃபீஸ் கட்டணும்." சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவருக்கென்று சொன்னதாக எடுத்துக்கொள்வது அவர் பாடு.

குழந்தைக்குத் தலை நிற்கத் தொடங்கியிருந்தது. அன்று காலையிலிருந்து மழை விட்டு விட்டுப் பெய்தது. ஜம்புலிங்கத்துக்கு இரண்டாவது ஷிஃப்ட் என்பதால் வாசலில் உட்கார்ந்து ரேடியோவைத் தட்டிக்கொண்டிருந்தார். சங்கவி குளிக்கப் போகக் கிளம்பியவள், பொறுமை இழந்து, அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக் குழந்தையை அதில் வைத்துவிட்டாள்.

"உன் பேத்திம்மா. கடிச்சுத் தின்னுடுமா? அஞ்சே அஞ்சு மினிட். பிடி."

கதவைச் சாத்திக்கொண்டாள். வைஜெயந்தி குழந்தையை ஏந்தியபடி நின்றாள். குழந்தை அவள் தாலிக்கயிற்றைப் பிடித்து இழுத்தது. அவள் குனிந்து அதன் முகத்தைப் பார்த்ததையும், உதட்டில் ஏதோ அசைந்ததையும் ஜம்புலிங்கம் வாசலிலிருந்து பார்த்தார். சிரிக்கிறாள் என்று நினைத்தார். அப்போது கூரைத் தகடு தடதடத்தது.

வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமான ஆட்டம். சுவர்க் கடிகாரம் கழன்று விழுந்தது. அடுத்த கணம் ஜம்புலிங்கம் பாக்குத் தோப்பில் இருந்தார்.

குளியலறையில் சங்கவிக்குக் குழந்தையின் அலறல் கேட்டது. ஈரத்தோடு துணியைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள். அம்மா நடுக்கூடத்தில் நின்றாள். குழந்தையை மார்போடு இறுக்கியிருந்தாள். அலறி அலறி அதன் குரல் அடங்கிக்கொண்டு வந்தது. முகம் அம்மாவின் மார்பில் புதைந்து கிடந்தது.

"அம்மா! சோடோ! விடும்மா! மூச்சு முட்டுது அதுக்கு!"

வைஜெயந்திக்குக் கேட்கவில்லை. சங்கவி அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க அவை மறுபடி மடங்கின. கடைசியில் அம்மாவின் மணிக்கட்டைக் கடித்தாள். அப்போதுதான் பிடி தளர்ந்தது. குழந்தை இருமி, மூச்சை இழுத்து, வீறிட்டது. அதன் இடது புஜத்தில் விரல்தடம் நீலமாகப் பதிந்திருந்தது.

ஜம்புலிங்கம் திரும்பி வந்தபோது சங்கவி பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பா போனீங்க?"

அவர் வாசலிலேயே நின்றார். வேட்டியெல்லாம் சேறு.

"வாசல்ல தானே இருந்தீங்க? உள்ள பாப்பா இருக்கு, அம்மா இருக்கா, நான் இருக்கேன். எட்டி ஒரு பார்வை பாத்தீங்களா? ஒருத்தர் ஓடுறீங்க, ஒருத்தர் கல்லா நிக்கிறீங்க. நடுவுல இது செத்துப் போயிருக்கும்."

"நான் வேணும்னு ஓடலட்டி."

"தெரியும்ப்பா. அவளும் வேணும்னு நெரிக்கலை. அதனால என்ன? இதோட கையைப் பாருங்க."

மகள் காட்டிய கையை ஜம்புலிங்கம் பார்த்தார். வைஜெயந்தி பார்க்கவில்லை. கடிபட்ட மணிக்கட்டை முந்தானையால் மூடிக்கொண்டு அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

அருண்பிரசாத் வந்து அழைத்துப்போனான். புறப்படும்போது சங்கவி இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னு கவுன்சிலர் இருக்காங்க. ரெண்டு பேரும் போகணும். போய்ச் சரியாகற வரைக்கும் பாப்பாவை இந்த வீட்டுக்குக் கொண்டு வரமாட்டேன். நான் கோபத்துல சொல்லலை."

உண்மையிலேயே கோபமில்லாமல்தான் சொன்னாள். இருவருக்கும் அதுதான் உறைத்தது.

வைஜெயந்தி மறு வாரமே போனாள். கவுன்சிலர் பெயர் உமா மகேஸ்வரி. மெயின்லாண்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த சின்னப் பெண். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நிலம் ஆடும்போது நீங்க என்ன நினைக்கிறீங்கம்மா?"

"ஒண்ணும் நினைக்கல. நினைச்சா அசைஞ்சிருக்க மாட்டனா?"

"சரியாச் சொன்னீங்க. நாம நினைக்கறதுக்கு முன்னாடியே உடம்பு முடிவெடுத்துடுது. சார் உடம்பு ஓடுன்னு சொல்லுது. உங்க உடம்பு அசையாதேன்னு சொல்லுது. அன்னைக்கு எது நடந்துச்சோ, அதையே உடம்பு பிடிச்சு வச்சிருக்கு. இதுல தைரியமும் இல்லை, கோழைத்தனமும் இல்லை."

"மாத்திரை இருக்கா?"

"தூக்கத்துக்கு டாக்டர் தருவார். ஆனா பயந்து போன உடம்பு தனியா அடங்காதும்மா. அழற குழந்தையை யாராவது தோள்ல போட்டாத்தானே அடங்குது? பெரியவங்களுக்கும் அதேதான். கூட ஒருத்தர் வேணும். அவங்க குரலை, கையை உடம்பு நம்பணும்." பிறகு கேட்டாள்: "உங்க உடம்பு யார் குரலை நம்பும்?"

வைஜெயந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கசந்த சிரிப்பு.

"அப்படி ஒரு ஆள் இருந்தா நான் எதுக்கு ஃபெரி ஏறி உங்ககிட்ட வாரேன்?"

ஜம்புலிங்கம் போகவில்லை. "நான் என்ன பாகலா?" என்று ஃபெரி டிரைவர் பன்னீர்செல்வத்திடம் எகிறினார். பன்னீர்செல்வம் அவரோடு பல வருஷம் ஒரே படகில் இருப்பவன்.

"பைத்தியம்னு யாருய்யா சொன்னா? பல்லு வலிச்சாப் போறோமில்ல?"

"என்ன கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும். புள்ளைய ஏன் விட்டேன்னு கேப்பாங்க. பொண்டாட்டிய ஏன் விட்டேன்னு கேப்பாங்க."

"கேட்டாச் சொல்லு."

"என்னத்தைச் சொல்ல? அவளே ஒரு நாளும் கேட்டதில்ல. அவ கேக்காததை ஊரான் கேட்டு நான் சொல்லணுமா?"

பன்னீர்செல்வம் படகின் வேகத்தைக் குறைத்தான். சாத்தம் கரை நெருங்கியது. ஜம்புலிங்கம் கயிற்றை எடுத்துக்கொண்டு முன்னால் போனார்.

சங்கவி வாரம் ஒருமுறை வீடியோ காலில் குழந்தையைக் காட்டினாள். அது குப்புற விழுந்தது, பிறகு தவழ்ந்தது. ஒருநாள் அது ஃபோனைப் பிடித்து வாயில் வைத்துக்கொள்ள, திரையெல்லாம் எச்சிலும் ஈறுமாகத் தெரிந்தது. ஜம்புலிங்கம் உரக்கச் சிரித்தார். சிரித்து முடித்தபோது முகம் கோணிக்கொண்டது. ஃபோனை வைஜெயந்தியின் பக்கம் வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். வாசலைப் பார்த்தபடியே, "அந்தக் கவுன்சிலர் புள்ளகிட்ட என்னைக்குப் போகணும்?" என்று கேட்டார்.

இருவரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள் உமா மகேஸ்வரி. வெளியே மழை. ஜன்னலை மூடினாள். யாரும் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், அன்றைக்குக் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் சொன்னால் போதும் என்றாள். ஜம்புலிங்கம் வெகுநேரம் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"முழிச்சப்போ கட்டில் நகருது. சங்கவி பக்கத்துல கெடந்தா. தூக்கினேன். கடல் உள்வாங்கிருச்சு, எங்க அப்பா சொல்லிருக்காவ, உள்வாங்குனா ஓடணும்னு. ஓடினேன். பின்னால இவ வாரா."

"நான் வரலை" என்றாள் வைஜெயந்தி.

"வந்தே. நான் கேட்டேன். எனக்குப் பின்னால காலடிச் சத்தம். கொலுசுச் சத்தம். மேட்டு உச்சி வரைக்கும் கேட்டுது. அதான் நான் திரும்பலை. திரும்பினா வேகம் கொறையும். உச்சிக்குப் போய் நின்னு திரும்புதேன்... பானுமதி நிக்கா. பக்கத்து வீட்டுப் பானுமதி. அவ கொலுசு."

வைஜெயந்தி அவரை முதல் முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இத்தனை காலமாக அவள் மனதில் ஓடிய ஆள் வேறு. தன்னையும் பிள்ளையையும் எண்ணிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு ஓடிய ஆள். அந்த ஆளோடுதான் அவள் இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருந்தாள்.

"நீங்க சொல்றீங்களாம்மா?" என்று உமா மகேஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

"அடுக்களையில நின்னேன். இவுக முதுகு தெரிஞ்சுது. சங்கவி தலை இவுக தோள் மேல ஆடுது. கூப்பிட வாயைத் திறந்தேன்."

"கூப்பிட்டிருந்தா நான் திரும்பியிருப்பேன்" என்றார் ஜம்புலிங்கம். குற்றமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோல் இருந்தது.

வைஜெயந்தி மடியைப் பார்த்துச் சொன்னாள்:

"அத்தான்னு சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரலை. தண்ணி சத்தம் வாசல்ல கேக்குது, அப்பவும் வரலை. புள்ளை என் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தான். அம்மா எதாவது செய்வான்னு." அவள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

ஜம்புலிங்கத்தின் கை அவள் நாற்காலிப் பிடிவரை போனது. அங்கேயே நின்றது. அவள் கை அதைத் தொடவுமில்லை, தட்டிவிடவுமில்லை.

திரும்பும்போது ஃபெரியில் அவர் ஆபீஸ் ஆள்போலக் கூட்டத்தில் நின்றார். வேறொரு கலாசி கயிறு வீசினான். உண்மை தெரிந்துவிட்டால் பாரம் இறங்கும் என்று வைஜெயந்தி நினைத்திருந்தாள். இறங்கவில்லை. முன்பு வெறுக்க ஒரு ஆள் இருந்தான். இப்போது அதுவும் இல்லை. ஒரு கொலுசுச் சத்தத்துக்கும் வராத ஒரு குரலுக்கும் நடுவே பிள்ளை போய்விட்டது என்றால் யாரைப் போய்க் கேட்பது?

இன்னும் சில தடவை போனார்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொன்னாள் உமா மகேஸ்வரி, மூச்சை நீளமாக விடச் சொன்னாள். வீட்டில் ஒருவர் பெயரை ஒருவர் சொல்லிக் கூப்பிட்டுப் பழகச் சொன்னாள். அதற்கு ஜம்புலிங்கம் வெட்கப்பட்டார். பிறகு அவளுடைய ஒப்பந்தம் முடிந்து மெயின்லாண்டுக்குக் கப்பலேறிவிட்டாள். புதிதாக ஒருவர் வருவார் என்றார்கள். வரும்வரை அந்த அறை பூட்டியிருந்தது.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியிருந்த ஒரு மத்தியானம். வைஜெயந்தி மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். சுர்மைத் துண்டுகள் எண்ணெயில் கிடந்தன. ஜம்புலிங்கம் கூடத்தில் படுத்திருந்தார். பாத்திரங்கள் கிலுகிலுத்தன.

அவர் கால்கள் ஓடின. பாக்குத் தோப்பு தொடங்கும் இடத்தில் மின்கம்பம் ஒன்று இருந்தது. அதைக் கட்டிப்பிடித்து நின்றார். வீட்டைப் பார்த்துத் திரும்பினார். கீழே இறங்க ஓரடிகூட வைக்க முடியவில்லை. கம்பத்தை விடாமல் கத்தினார்.

"வைஜெயந்தி! ஏ வைஜெயந்தி! வாட்டி வெளிய! வைஜெயந்தி!"

தெருவே வந்து பார்த்தது. இந்தத் தடவை பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஆட்டம் நின்ற பிறகும் அவர் குரல் உடைந்து போகும்வரை கத்திக்கொண்டே இருந்தார்.

அவர் உள்ளே வந்தபோது வைஜெயந்தி அடுப்பின் முன்னால் அப்படியே நின்றிருந்தாள். தன்னை அறியாமல் பாவாடை நனைந்து காலடியில் ஈரம் தேங்கியிருந்தது. கண் இமைத்தாள்.

"கூப்பிட்டேனே. கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"பெறவு ஏன் வரலை?"

"கால் வரலை." அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "அடுப்பை அணைச்சேன்."

அவர் எட்டிப் பார்த்தார். அடுப்பு அணைந்திருந்தது. மீன் ஒரு பக்கம் மட்டும் வெந்து எண்ணெயில் மிதந்தது. அவர் உள்ளே போய் மாற்றுப் புடவை ஒன்றை எடுத்துவந்து கதவில் போட்டுவிட்டு, தரையைத் துடைக்கத் துணி தேடினார்.

அவரோடு வாசல்வரை வந்து பார்த்த தெருக்காரர் யாரோ சங்கவிக்குச் சொல்லிவிட்டார்கள். பொழுது சாயும் முன்பே அவளிடமிருந்து கால் வந்தது. அவள் பின்னால் குழந்தை நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றுகொண்டிருந்தது.

"அப்பா பாதியில நின்னுட்டாராமே! நீ கேஸை ஆஃப் பண்ணியாமே! அம்மா, நெஜமாவா? பாப்பாவைக் கூட்டிட்டு வரட்டுமா? சனிக்கிழமை கான்வாய்ல வந்துடறோம்."

வைஜெயந்தி திரையில் பேத்தியைப் பார்த்தாள். அதன் இடது கையைத் தேடிப் பார்த்தாள். அந்தக் கையால் அது நாற்காலியைத் தட்டிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்மா."

"ஏம்மா?"

"உங்க அப்பா பாதி வழி வரைக்கும் போனாவ. நான் ஒரு கைய மட்டும் அசைச்சேன். இதை நம்பி ஒரு புள்ளைய இங்க விட முடியாது. இப்போ வேண்டாம்."

மறுமுனையில் சங்கவி அழத் தொடங்கினாள். "அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன்" என்றாள்.

ஜம்புலிங்கம் ஃபோனை வாங்கினார். குழந்தை திரையைப் பார்த்துக் கையை நீட்டியது. அதைப் பார்த்தபடியே சொன்னார்:

"அம்மா சொல்லுததுதான் சரி. கூட்டிட்டு வராத."